நிஃப்டியா தங்கமா: இரண்டு ஃபண்டுகளுக்கு இடையே மாறும் விதியை பேக்டெஸ்ட் செய்வது எப்படி

ஒரு முதலீட்டு விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். இங்கே எடுத்துக்கொள்வது நிஃப்டி 50 குறியீட்டைப் பின்தொடரும் நிஃப்டி பீஸ், தங்க விலையைப் பின்தொடரும் கோல்டு பீஸ் என இரண்டே இடிஎஃப் (பங்குபோல் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு). மாதத்தின் கடைசி வர்த்தக நாளில் இரண்டும் கடந்த 12 மாதத்தில் எவ்வளவு ஏறின என்று பார்க்க வேண்டும். அதிகம் ஏறியதில் மொத்தப் பணத்தையும் அடுத்த மாதக் கடைசி வரை வைத்திருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். எக்செல்லில் ஒரு மாலை நேரத்தில் போட்டுவிடலாம். போட்டதும் வரும் கோடு நிஃப்டியைத் தாண்டி நிற்பதைப் பார்த்துப் பலர் அன்றே பணத்தை இறக்கிவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டை நம்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: விதி மொத்தம் எத்தனை முறை ஃபண்டை மாற்றியது? கோல்டு பீஸ் 2007 மார்ச்சில் வந்தது. அதற்குப் பிறகு இருநூற்றுக்கும் மேற்பட்ட மாதங்கள் ஓடியிருக்கின்றன. ஆனால் 12 மாத வருவாய் மெதுவாக நகரும் அளவுகோல். ஒரு பக்கம் போனால் பல மாதம் அங்கேயே கிடக்கும். ஆகவே கையில் இருக்கும் உண்மையான சான்றுகள் இருநூறு மாதங்கள் அல்ல, அவற்றுக்கு நடுவே நடந்த சில மாறுதல்கள் மட்டுமே. அந்தச் சிலவற்றில் இரண்டு மூன்று தப்பாகக் கணக்கிடப்பட்டிருந்தால் முடிவே தலைகீழாகும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த ஒரு காரணத்தால்தான் முக்கியமாகிறது.

முதலில் தரவு

2019 டிசம்பரில் இரண்டு இடிஎஃப்களின் முகமதிப்பும் பிரிக்கப்பட்டது, அதாவது ஒரு யூனிட் பல யூனிட்டாகி ஒன்றின் விலை அதே விகிதத்தில் குறைந்தது. நிஃப்டி பீஸ் 10 ரூபாயிலிருந்து 1 ரூபாய்க்கு வந்தது, கோல்டு பீஸ் 100 ரூபாயிலிருந்து 1 ரூபாய்க்கு வந்தது. இதைச் சரிசெய்யாத விலைப் பட்டியலை எடுத்தால் அந்த மாதம் நிஃப்டி பீஸ் 90%, கோல்டு பீஸ் 99% விழுந்ததாகத் தெரியும். இது கண்ணில் பட்டுவிடும், உடனே அந்த மாத வருவாயை மட்டும் கையால் திருத்திவிட்டு மேலே போவார்கள். பிழை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 12 மாத வருவாய் கணக்கில் பிரிப்புக்கு முந்தைய விலை 2020 நவம்பர் வரை அடிப்படையாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு மாதமும் நிஃப்டிக்கு ஏறக்குறைய மைனஸ் 90, தங்கத்துக்கு ஏறக்குறைய மைனஸ் 99 என்று வரும். இரண்டில் குறைவாக விழுந்தது நிஃப்டி என்பதால் விதி நிஃப்டியைத் தேர்ந்தெடுக்கும். அதாவது 2020 மார்ச் சரிவு முழுக்க நிஃப்டியில் இருந்ததாகக் கணக்கு சொல்லும். சரியான தரவில் அதே விதி அப்போது தங்கத்தில் இருந்தது. இரண்டு சோதனைகளின் முடிவும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருக்கும்.

எனவே திருத்த வேண்டியது விலை வரிசையை, வருவாயை அல்ல. பிரிப்புக்கு முந்தைய எல்லா விலைகளையும் நிஃப்டி பீஸுக்குப் பத்தாலும் கோல்டு பீஸுக்கு நூறாலும் வகுத்துவிட வேண்டும். பிறகு ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் நகர்ந்த நாட்களை வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். நிஃப்டியில் 2008 அக்டோபர் 24, 2009 மே 18, 2020 மார்ச் 23 ஆகியவை உண்மையான நகர்வுகள். காரணம் சொல்ல முடியாத நாள் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் தரவுப் பிழைதான். ஆரம்ப ஆண்டுகளில் இடிஎஃப் வர்த்தகம் மெலிந்திருந்ததால், யாரோ ஒருவர் தவறான விலையில் வாங்கிய சில யூனிட்கூட அந்த நாளின் விலையைக் கெடுத்திருக்கலாம்.

சிக்னலை, அதாவது எந்த ஃபண்டில் இருக்க வேண்டும் என்று விதி சொல்வதை, கணக்கிட சந்தை விலையைவிட என்ஏவி (ஃபண்டிடம் உள்ள சொத்தின்படி ஒரு யூனிட்டின் மதிப்பு) நல்லது என்பது என் கருத்து. மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் பழைய என்ஏவி கிடைக்கிறது, தவறான விலையில் நடந்த வர்த்தகங்கள் அதில் கிடையாது. ஆனால் என்ஏவி இரவில்தான் வெளியாகும். மாதக் கடைசி நாள் மதியம் 3:25-க்கு அதைத் தெரிந்துகொண்டு வாங்க முடியாது. ஆகவே சிக்னல் என்ஏவியில், வாங்கல் விற்றல் அடுத்த வர்த்தக நாளின் சந்தை விலையில். இப்படிப் பிரித்துவைத்தால் சோதனை நடைமுறைக்கு நெருக்கமாக வரும்.

இடிஎஃப்புக்குப் பதில் குறியீட்டை வைத்துச் சோதிப்பவர்கள் நிஃப்டி 50-இன் சாதாரண எண்ணை எடுக்கக் கூடாது, டிவிடெண்டைச் சேர்த்த டிஆர்ஐ எண்ணை எடுக்க வேண்டும். 1999 ஜூன் 30 முதல் அது கிடைக்கிறது. ஆண்டுக்குச் சுமார் ஒன்றேகால் சதவீத வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் இரண்டும் நெருக்கமாக இருக்கும் மாதத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தச் சிறு வித்தியாசமே தீர்மானிக்கும்.

நிஃப்டிக்கும், பணத்தை ஒரு நாள் கடனில் வைக்கும் லிக்விட் பீஸுக்கும் இடையே மாறும் விதியைச் சோதிப்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. லிக்விட் பீஸின் விலை எப்போதும் 1,000 ரூபாயை ஒட்டியே நிற்கும். வருமானம் தினசரி டிவிடெண்டாகக் கூடுதல் யூனிட்களில் சேரும். விலையை மட்டும் எடுத்தால் அதில் இருந்த மாதங்களுக்கெல்லாம் பூஜ்யம் வருவாய் என்று வரும்.

2007-க்கு முன்னால் போக வேண்டுமென்றால்

கோல்டு பீஸ் 2007 மார்ச்சில் வந்ததால் முதல் 12 மாத சிக்னல் 2008 மார்ச் கடைசியில்தான் கிடைக்கும். நிஃப்டி 2008 ஜனவரி 8 அன்று 6,287-இல் முடிந்து, மார்ச் 31-இல் 4,734-க்கு வந்திருந்தது. அக்டோபர் 27-இல் 2,524. சோதனையின் தொடக்கமே பெரிய சரிவின் நடுவில் விழுகிறது. தங்கத்தைக் கையில் வைத்திருக்கும் எந்த விதியும் இந்தத் தொடக்கத்தில் அழகாகத் தெரியும். அந்த முதல் இரண்டு மாதங்களில் இரண்டின் 12 மாத வருவாயும் நெருக்கமாகவே இருந்தன என்பதையும் கவனியுங்கள். டிஆர்ஐயா, சாதாரண எண்ணா என்பது இங்கே கதையை மாற்றும் வாய்ப்பு உண்டு.

இந்தத் தொடக்கச் சலுகையை நீக்கத் தங்க விலையைப் பின்னோக்கி நீட்டலாம். அவுன்சுக்கு டாலரில் சொல்லப்படும் லண்டன் விலையை 31.1035-ஆல் (ஓர் அவுன்சில் உள்ள கிராம்) வகுத்தால் கிராமுக்கு டாலர் கிடைக்கும், அதை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்க வேண்டும். இதோடு நிறுத்தினால் இறக்குமதி வரி விட்டுப்போகும். 2012 ஜனவரி வரை 10 கிராமுக்கு இத்தனை ரூபாய் என்ற வரிதான் இருந்தது, கடைசியில் அது 300 ரூபாய். அந்த மாதம் 2 சதவீதமாகி, மார்ச்சில் 4, 2013 ஜனவரியில் 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 சதவீதமாக ஏறியது. 2019 ஜூலையில் 12.5. 2021-இல் குறைந்து, 2022 ஜூலையில் 15-க்குப் போய், 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் 6 சதவீதமானது.

கடைசியாகச் சொன்னதை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். 1.06-ஐ 1.15-ஆல் வகுத்தால் 0.922. லண்டனில் விலை அசையாமல் இருந்தாலும் உள்நாட்டில் ஏறக்குறைய 8% விழ வேண்டிய கணக்கு இது. வரியைச் சேர்க்காத வரிசையில் இந்தச் சரிவே தெரியாது. 2013-இல் இதற்கு நேரெதிர்: லண்டன் விலை இறங்கும்போது வரியும் டாலரும் ஏறி உள்நாட்டு விலையைத் தாங்கிப்பிடித்தன. இந்தியத் தங்கத்தின் வருவாய் என்பது லண்டன் விலை, டாலர், வரி மூன்றும் சேர்ந்தது. மூன்றாவதில் போக்கு என்று ஒன்று கிடையாது, ஓர் அறிவிப்பில் மாறும். அது உண்டாக்கும் துள்ளலை 12 மாத அளவுகோல் போக்கு என்று எடுத்துக்கொள்ளும். இந்த விதியில் தங்கப் பக்கத்தின் பெரிய பலவீனம் இதுதான்.

நீட்டிய வரிசையில் ஆண்டுக்குச் சுமார் 0.8 முதல் 1 சதவீதம் ஃபண்டு செலவாகக் கழிக்க மறக்க வேண்டாம். நிஃப்டி இடிஎஃப்பின் செலவு அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஒரு வரிசை தள்ளிப்போனால்

எக்செல்லில் பத்து நெடுவரிசை போதும்: தேதி, நிஃப்டி, தங்கம், நிஃப்டியின் 12 மாத வருவாய், தங்கத்தின் 12 மாத வருவாய், சிக்னல், இருப்பு, அந்த மாத வருவாய், செலவு, மொத்த மதிப்பு. மார்ச் கடைசி வரிசையில் வரும் சிக்னல் ஏப்ரல் வரிசையின் இருப்பாக வேண்டும். சிக்னலும் இருப்பும் ஒரே வரிசையில் விழுந்தால், மார்ச் முடிந்தபின் தெரிந்ததை வைத்து மார்ச் வருவாயைச் சம்பாதித்ததாக ஆகிவிடும்.

எல்லோரும் எச்சரிக்கும் பிழைதான் இது. ஆனாலும் 12 மாத விதியில் இது லேசில் பிடிபடாது. பன்னிரண்டில் ஒரு மாதம்தான் திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. ஆகவே முடிவு கொஞ்சம் மட்டுமே உப்பியிருக்கும், சந்தேகமே வராது. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பார்வைக் காலத்தை 12-இலிருந்து 1 மாதமாக மாற்றுங்கள். வரிசை சரியாக இருந்தால் சுமாரான, அடிக்கடி மாறும் ஒரு கோடு வரும். பிழை இருந்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டில் அதிகம் ஏறியதையே விதி வைத்திருந்ததாக வரும். மொத்த மதிப்பு நம்பவே முடியாத உயரத்துக்குப் போகும். ஒரு நிமிட வேலை, எந்தச் சூத்திரத்தை மாற்றினாலும் திரும்பச் செய்யலாம்.

எந்த விலையில் வாங்கியதாகக் கணக்கிடுகிறோம் என்பதும் இதே வகைப் பிழைதான். என்எஸ்இ வெளியிடும் முடிவு விலை கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி. கடைசியாக வர்த்தகமான விலை அல்ல. அந்தச் சராசரியில் யாரும் துல்லியமாக வாங்கிவிட முடியாது. சாதாரண நாளில் வித்தியாசம் சிறிது. ஆனால் தினசரி விதி வைத்திருப்பவர்கள் 2009 மே 15, வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளட்டும். அன்று நிஃப்டி 3,671. தேர்தல் முடிவுக்குப் பிறகு திங்கட்கிழமை சந்தை திறந்த வேகத்தில், வர்த்தகம் நிறுத்தப்படும் ஏற்ற வரம்பான மேல் சர்க்யூட்டைத் தொட்டு நின்றது. மறுபடி திறந்தபோதும் அப்படியே ஆகி அன்றைக்கு மூடப்பட்டது. முடிவு 4,323, ஒரே நாளில் 17.7%. வெள்ளிக்கிழமை முடிவு விலையில் சிக்னலும் வாங்கலும் ஒன்றாக நடந்ததாக எழுதிய சோதனை இந்த 17.7 சதவீதத்தையும் வருவாயில் சேர்த்துக்கொள்ளும். நடைமுறையில் அன்று வாங்குவதற்கு விற்பவரே இல்லை.

விற்ற பணம் முழுவதும் அன்றே அடுத்ததை வாங்கக் கிடைக்குமா என்பது தரகரைப் பொறுத்தது. 2023 ஜனவரி கடைசியில் எல்லாப் பங்குகளும் டி+1 தீர்வுக்கு, அதாவது விற்ற மறு வர்த்தக நாளே பணம் வரும் முறைக்கு, வந்துவிட்டன, அதற்கு முன் டி+2. பழைய ஆண்டுகளுக்கு இரண்டு நாள் பணம் சும்மா இருந்ததாக வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கு.

வரி

பலரும் வரியைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மாறும் விதிக்கு அதுதான் பெரிய செலவு. தரகு, முத்திரை வரி, எஸ்டிடி (பங்குச்சந்தை பரிவர்த்தனை வரி), வாங்கும் விற்கும் விலை இடைவெளி எல்லாம் சேர்ந்தும் இந்த இரண்டு இடிஎஃப்களில் ஒரு பக்கத்துக்கு 0.1% என்று வைத்துக்கொண்டால் தாராளம்.

வரி அப்படியல்ல. 10 லட்சம் ரூபாய் நிஃப்டி பீஸில் எட்டு மாதத்தில் 11 லட்சமாகிறது, விதி மாறச் சொல்கிறது. குறுகிய கால லாபம் 1 லட்சத்துக்கு 20% வரியும் அதன்மேல் 4% செஸ்ஸும் சேர்ந்து 20,800 ரூபாய். தங்கத்துக்குப் போவது 10,79,200 ரூபாய்தான். ஒரே மாறுதலில் முதலீட்டின் மதிப்பில் 1.9% போய்விட்டது. விற்காமல் வைத்திருந்தவருக்கு அந்த 20,800 ரூபாயும் தொடர்ந்து வளரும். தங்கத்திலிருந்து ஓராண்டுக்குள் வெளியே வந்தால் லாபம் சாதாரண வருமானத்தோடு சேர்ந்துவிடும். 30% அடுக்கில் இருப்பவருக்கு அதே 1 லட்சத்துக்கு 31,200 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 12 மாதம் தாண்டிய தங்க இடிஎஃப்புக்கு 12.5%. நிஃப்டிக்கும் 12 மாதம் தாண்டினால் 12.5 சதவீதம்தான், அங்கே ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கும் உண்டு.

வரி விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. பங்கு ஃபண்டுகளின் நீண்டகால லாபத்துக்கு 2018 மார்ச் வரை வரியே இல்லை. 2024 ஜூலை 22 வரை குறுகிய கால வரி 15%. தங்க ஃபண்டுகளின் வரியோ அதைவிட அதிகம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்தந்த ஆண்டின் வரியைப் போடுவதா? என் பதில், வேண்டாம் என்பதே. இந்த விதி இனிமேல் உதவுமா என்பதுதான் கேள்வி. ஆகவே இன்றைய வரியை எல்லா ஆண்டுகளுக்கும் போடுங்கள். நஷ்டத்தில் விற்ற மாறுதல்களையும் கணக்கில் எடுத்து, குறுகிய கால நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை பின்வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் விதிக்கு அநியாயம்.

இந்தக் கணக்கைப் போட்டபின் தோன்றும் முதல் யோசனை: பதினோராம் மாதத்தில் சிக்னல் வந்தால் ஒரு மாதம் பொறுத்து விற்கலாமே? நியாயமான யோசனைதான். ஆனால் அதுவும் ஒரு புதிய விதி, அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். தங்கத்திலிருந்து சீக்கிரம் வெளியேறுவது நிஃப்டியிலிருந்து வெளியேறுவதைவிடச் செலவு என்பதால், இரண்டு திசைக்கும் ஒரே இடைவெளி வைப்பது பொருந்தாது. எதிர்ப்பக்கம் குறைந்தது 2 சதவீதப் புள்ளி முன்னால் இருந்தால்தான் மாறுவது என்று ஒரு வரம்பு வைத்தாலே அர்த்தமில்லாத போய்வருதல்கள் கணிசமாகக் குறையும்.

விதியை உடைக்கப் பார்ப்பது

2020-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி கடைசியில் நிஃப்டி 11,201. முந்தைய பிப்ரவரியிலிருந்து 3.8% ஏற்றம். தங்கம் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. விதி தங்கத்தில் இருந்தபடியே சரிவைக் கடந்தது. எல்லோரும் காட்டும் படம் இதுதான். திரும்பி வந்தது எப்போது என்று பாருங்கள். 2021 ஜனவரி கடைசியில் நிஃப்டி 13,634, 12 மாத ஏற்றம் 14%, தங்கம் இன்னும் முன்னால். பிப்ரவரி கடைசியில் நிஃப்டி 14,529. ஓராண்டு முந்தைய 11,201-ஓடு ஒப்பிட்டால் 29.7%, தங்கம் பின்தங்கியது. அப்போதுதான் விதி நிஃப்டிக்கு வருகிறது. 2020 மார்ச் கடைசியின் 8,597-இலிருந்து அந்த நாள் வரை நிஃப்டி 69% ஏறிவிட்டது. தங்கமோ 2020 ஆகஸ்டில் உச்சம் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தப்பித்த சரிவையும் தவறவிட்ட மீட்சியையும் ஒரே மாறுதலாகப் பார்த்தால்தான் 12 மாத விதி உண்மையில் என்ன செய்கிறது என்பது தெரியும்.

எனவே முடிவை ஆண்டுவாரியாகப் பார்ப்பதைவிட மாறுதல்வாரியாகப் பாருங்கள். ஒவ்வொரு மாறுதலுக்கும் உள்ளே போன நாள், வெளியே வந்த நாள், அந்தக் காலத்தில் மற்ற ஃபண்டு என்ன செய்தது, வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு தனிப் பட்டியல். பிறகு மிகச் சிறந்த மாறுதல் ஒன்றை எடுத்துவிட்டு மொத்தத்தைக் கணக்கிடுங்கள். அடுத்து இரண்டை எடுத்துவிட்டு. முழு மேன்மையும் ஒரே மாறுதலில் இருந்து வந்திருந்தால் அது விதியின் திறமைக்குச் சான்றாகாது.

ஒப்பிட வேண்டியதும் நிஃப்டியை மட்டும் அல்ல. பாதி நிஃப்டி, பாதி தங்கம், ஆண்டுக்கு ஒரு முறை சமன்செய்வது என்ற எளிய வழியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று அவ்வளவாகச் சேர்ந்து நகராதவை என்பதால், சிக்னலே இல்லாத அந்த வழியே சரிவின் ஆழத்தை வெகுவாகக் குறைத்துவிடும். விதி அதைத் தாண்ட வேண்டும், அதுவும் வரிக்குப் பின். என் பார்வையில் இந்த ஒப்பீட்டிலேயே பல மாறும் விதிகள் நின்றுவிடும்.

அடுத்த சோதனை கொஞ்சம் வேலை வாங்கும். உங்கள் விதி ஒவ்வொரு ஃபண்டிலும் தொடர்ந்து இருந்த காலங்களை வரிசையாக எழுதுங்கள்: 7 மாதம், 14 மாதம், 3 மாதம் என்று. நிஃப்டியில் இருந்த நீளங்களைத் தமக்குள்ளும், தங்கத்தில் இருந்த நீளங்களைத் தமக்குள்ளும் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கி, மாறி மாறி அடுக்கி, அதே விலை வரிசையில் ஆயிரம் முறை ஓட்டுங்கள். மாறுதல்களின் எண்ணிக்கையும் ஒவ்வொரு ஃபண்டில் இருந்த மொத்த மாதமும் மாறாது, நேரம் மட்டும் தற்செயலாகும். உங்கள் விதியின் முடிவு அந்த ஆயிரத்தில் முதல் ஐம்பதுக்குள் வரவில்லை என்றால், சிக்னல் எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது.

பார்வைக் காலத்தையும் 3 முதல் 15 மாதம் வரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். 9, 10, 11, 12 எல்லாம் ஏறக்குறைய ஒரே முடிவைத் தந்தால் நல்லது. 10 மட்டும் தனியாக உயர்ந்து 9-உம் 11-உம் தாழ்ந்திருந்தால், 10-ஐத் தேர்ந்தெடுப்பது நடந்து முடிந்ததற்கு விதியைப் பொருத்துவதாகும். மொமென்டம் (ஏறியது மேலும் ஏறும் போக்கு) பற்றி 1993-இல் ஆய்வாளர்கள் ஜெகதீஷும் டிட்மனும் காட்டிய 3 முதல் 12 மாதக் காலம் தனிப்பட்ட அமெரிக்கப் பங்குகளுக்கானது, நூற்றுக்கணக்கான பங்குகளைப் பரப்பி வைத்துக் கிடைத்த முடிவு. இரண்டே ஃபண்டுக்கு அதை அப்படியே சான்றாகக் கொள்ள முடியாது.

மாதக் கடைசி நாள் என்பதும் தற்செயலான தேர்வுதான். மாதத்தின் முதல் வர்த்தக நாள், இரண்டாம் நாள் என்று இருபது நாட்களுக்கும் தனித்தனியாக ஓட்டினால், இருபது முடிவுகளுக்குள் வரும் அகலம் பலரை வியக்க வைக்கும். அந்த அகலம் விதியின் மேன்மையைவிடப் பெரிதாக இருந்தால், மாதக் கடைசியில் கிடைத்த எண்ணை வெளியே சொல்லவே கூடாது. இதற்கு மருந்து பணத்தை நான்கு பங்காக்கி ஒவ்வொரு வாரமும் ஒரு பங்குக்கு மட்டும் முடிவெடுப்பது. சராசரி மாறாது, அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். நாள்களைத் தானாக எண்ணும் நிரலில் தீபாவளி முகூர்த்த வர்த்தகமும் 2020, 2025 பிப்ரவரி 1 போன்ற பட்ஜெட் சனிக்கிழமைகளும் இருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். நிஃப்டி வரிசையில் அந்த நாள் இருந்து தங்க வரிசையில் இல்லாவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் ஒரு வரிசை நழுவிவிடும்.

இவ்வளவையும் தாண்டிய விதியைப் பணத்தோடு நடத்தத் தொடங்கினால், ஒவ்வொரு மாறுதலின்போதும் மூன்று எண்களைக் குறித்துவையுங்கள்: ஆர்டர் போட்ட நேரத்தில் இடிஎஃப்பின் ஐ-என்ஏவி (வர்த்தக நேரத்தில் தொடர்ந்து வெளியாகும் உத்தேச என்ஏவி), கிடைத்த விலை, அன்றிரவு வந்த என்ஏவி. முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான நழுவல். நான்கு மாறுதல்களுக்குப் பிறகு அதன் சராசரி 0.1 சதவீதத்தைத் தாண்டினால், கிடைத்த எண்ணைச் செலவு நெடுவரிசையில் போட்டு முழுச் சோதனையையும் மறுபடி ஓட்ட வேண்டும், பாதிக்குப் பாதி வழியோடு ஒப்பிடுவது உட்பட.